நாடு தர்ம சத்திரமா?

2025-ம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி டில்லி சுப்ரீம் கோர்ட்டில் இலங்கைத் தமிழர் ஒருவருடைய மனு விசாரணைக்கு வந்தது. அவர் ஒரு வழக்கில் தண்டிக்கப்பட்டு, சென்னை ஹைக்கோர்ட்டு 7 வருஷமாகக் குறைத்த தண்டனையை அனுபவித்தவர். தண்டனை முடிந்தவுடன் நாட்டை விட்டுப் போய்விட வேண்டுமென்பது உத்தரவு. பெண்சாதி பிள்ளைகள் இங்கே இருக்கின்றார்கள், திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து, ஆகையால் இங்கேயே இருக்க அனுமதிக்க வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். நீதிபதிகள் அதற்கு இணங்கவில்லை. இணங்காததோடு நில்லாமல், உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துக் காப்பாற்ற இந்தியா என்ன தர்ம சத்திரமா என்றும், 140 கோடி ஜனங்களை வைத்துக்கொண்டு நாமே திண்டாடுகின்றோம் என்றும், வேறு நாட்டுக்குப் போகலாமே என்றும் வாய்மொழியாகச் சொன்னதாகப் பத்திரிகைகளில் வெளியாயிற்று.

அந்த மனுதாரருடைய வழக்கைப் பற்றி நாம் இங்கு வாதாட வரவில்லை. அவர் மீது ஏற்பட்ட குற்றத்திற்குச் சட்டம் தண்டித்தது; அவரும் அனுபவித்துத் தீர்த்தார்; அத்துடன் அது நிற்கட்டும். ஆனால் அந்தத் "தர்ம சத்திரம்" என்கின்ற வார்த்தை இருக்கின்றதே, அது கோர்ட்டு மண்டபத்தோடு நின்றுவிடக்கூடிய வார்த்தையல்ல. குற்றம் ஏதும் செய்யாத, கோர்ட்டு வாசற்படியையே மிதித்திராத பல ஆயிரக்கணக்கான ஆண் பெண் குழந்தைகளின் தலைமீதும் அது போய் விழுகின்றது. "சரியாகத்தானே கேட்டார்கள்" என்று நம்மவர்களிலேயே சிலர் தலையாட்டவும் இடமேற்படுகின்றது. ஆகையால் அதைக் கொஞ்சம் எடுத்து வைத்துப் பரிசோதிக்க வேண்டியது நமது கடமையாகின்றது.

முதலாவதாக, நம் நாட்டுச் சத்திரங்களின் யோக்கியதை நமக்குத் தெரியாததா? ராஜாக்களும் ஜமீன்தார்களும் தனவந்தர்களும் புண்ணியத்துக்கென்று கட்டிவைத்த சத்திரங்களில் பலவற்றில், உள்ளே உட்காரவைத்து இலை போட்டது யாருக்கு? வெளித் திண்ணையில் நிறுத்திவைத்தது யாரை? தெருப் பக்கமே தலை காட்டக்கூடாதென்று விரட்டியது யாரை? அங்கே பசியைக் கேட்டுச் சோறு போடவில்லை; பிறப்பைக் கேட்டுத்தான் சோறு போட்டார்கள். அந்தச் சோற்றுக்கு நெல் விளைவித்தவன் வெளியே நின்றான். ஆகவே, இந்தியா தர்ம சத்திரமா என்று யாராவது கேட்டால், ஆம், அகதிகள் விஷயத்தில் அது அந்தப் பழைய சத்திரத்தைப் போலவேதான் நடந்துகொள்கின்றது என்றுதான் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கின்றது. எப்படியென்றால், வந்தவனுக்கு நேர்ந்த ஆபத்து என்ன என்று அது கேட்பதில்லை. என்ன மதம், எந்த நாடு, யார் வயிற்றில் பிறந்தவன் என்றுதான் கேட்கின்றது. இதை வெறும் வாய்ப் பேச்சாகச் சொல்லவில்லை. சட்டங்களையும் வருஷங்களையும் வைத்தே ருஜுப்பிக்கின்றோம்.

இடமில்லை, சக்தியில்லை என்பது உண்மையா என்று முதலில் பார்ப்போம். 1947-ம் வருஷம் நாடு இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் எல்லையைத் தாண்டி இப்பக்கமும் அப்பக்கமும் ஓடினார்கள். இப்பக்கம் வந்தவர்களை யாரும் சத்திரம் என்று சொல்லி விரட்டவில்லை. அதுமாத்திரமல்ல, அரசியல் சட்டத்தின் 6-வது பிரிவிலேயே, பாகிஸ்தானாகிவிட்ட பிரதேசத்திலிருந்து 1948 ஜூலை 19-ந் தேதிக்கு முன் வந்து இங்கே குடியிருப்பவர், அவரோ, அவருடைய தாய் தந்தையரோ, பாட்டன் பாட்டியோ பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்திருந்தால், இந்தியப் பிரஜையாகக் கருதப்படுவார் என்று எழுதிவைத்தார்கள். என்ன மதம் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. பாட்டன் பிறந்த மண்ணைக்கூட ஒரு பாத்தியதையாக ஒப்புக்கொண்டது. ஆகவே இந்நாட்டுப் பிரஜா உரிமையின் அஸ்திவாரத்திலேயே அகதிக்கு ஓர் இடம் இருந்தது என்பது விளங்கும்.

பின்பு 1959-ல் திபேத்திலிருந்து தலாய் லாமாவும் அவரைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானவர்களும் வந்தார்கள். மைசூர் ராஜ்யத்தில் பைலகுப்பே முதலிய இடங்களில் நிலம் கொடுத்து அவர்களைக் குடியேற்றினார்கள். 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து சுமார் 1 கோடிப் பேர் சில மாதங்களுக்குள் வந்து சேர்ந்தார்கள். அப்போது இந்தியாவின் ஜனத்தொகை சுமார் 55 கோடி. அதாவது 55 பேருக்கு ஓர் அகதி. அவர்களுக்குச் சோறு போடுவதற்காகக் கடிதங்களுக்கு அதிகப்படியாக 5 காசு அகதி நிவாரணத் தபால் தலை ஒட்ட வேண்டுமென்று சர்க்கார் ஏற்பாடு செய்தது. ஏழை ஜனங்களும் ஒட்டினார்கள். நாடு ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை.

இப்போதைய கணக்கு என்ன? 2021-ல் தமிழ்நாட்டு சர்க்கார் சட்டசபையில் சொன்னபடி, முகாம்களில் இருந்த இலங்கை அகதிகள் சுமார் 58,800 பேர். முகாமுக்கு வெளியே போலீஸில் பதிந்துகொண்டு வசித்தவர்கள் சுமார் 34,000 பேர். இரண்டும் சேர்ந்து ஒரு லட்சம்கூட ஆகவில்லை. 140 கோடியில் இதைப் பங்கிட்டால் 15,000 பேருக்கு ஒருவர். அன்று 55 பேருக்கு ஒருவரைத் தாங்கிய நாடு, இன்று 15,000 பேருக்கு ஒருவரைத் தாங்க முடியாமல் திண்டாடுகின்றது என்றால், திண்டாட்டம் இருப்பது ஜனத்தொகையிலா அல்லது மனதிலா என்று கேட்கின்றோம்.

நிற்க, இவ்வளவும் செய்த நாட்டில், அகதி என்பவன் யார், அவனுக்கு உள்ள உரிமை என்ன என்று சொல்லுகின்ற சட்டம் ஒன்றுகூட இல்லை என்றால் வாசகர்கள் ஆச்சரியப்படக்கூடும். ஆனால் அதுதான் உண்மை. 1951-ம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையையோ அதைச் சேர்ந்த 1967-ம் வருஷத்து ஒப்பந்தத்தையோ உலகில் 140-க்கு மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. இந்தியா இரண்டிலும் சேரவில்லை. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1946-ல் செய்த அன்னியர் சட்டம் ஒன்றை வைத்துக்கொண்டே 79 வருஷ காலம் காரியம் நடத்தினார்கள். 2025 செப்டம்பர் 1-ந் தேதி முதல் அதற்குப் பதிலாக ஒரு புதுச் சட்டம் அமுலுக்கு வந்தது. அதிலும் அகதிக்கென்று உரிமை ஏதும் எழுதப்படவில்லை. ஊர் சுற்றிப் பார்க்க வந்த சீமானும், வியாபாரத்துக்கு வந்தவனும், வேவு பார்க்க வந்தவனும், வீட்டைக் கொளுத்திவிட்டார்களே என்று கைக்குழந்தையோடு படகேறி வந்தவளும் இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே "அன்னியர்". அகதிகளுக்கென்று ஒரு சட்டம் வேண்டுமென்று முன்னாள் பிரதம நீதிபதி பகவதி தலைமையில் 1997-ல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதப்பட்டது. 2015-ல் பார்லிமெண்டு அங்கத்தினர் சசி தரூர் ஒரு தனி மசோதா கொண்டுவந்தார். இரண்டும் கடுதாசியாகவே நின்றுவிட்டன.

சட்டம் இல்லாத இடத்தில் இருப்பது தயவு. தயவு என்பது எஜமானனுக்குச் சிரிப்பு வந்தால் வரும். கோபம் வந்தால் போய்விடும். இதற்கு வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1983 ஜூலையில் இலங்கையில் நடந்த படுகொலைகளுக்குப் பின் வந்தவர்களைத் தமிழ்நாடு கண்ணீரோடு வரவேற்றது. ஊர்வலம் நடந்தது, கடையடைப்பு நடந்தது, உண்டியல் குலுங்கிற்று. 1991 மே 21-ந் தேதி ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அக்கொலையை நாம் எவ்விதத்திலும் ஆதரிக்கவில்லை. ஆனால் கொன்றவர்கள் ஓர் இயக்கத்தார். தண்டனை அனுபவித்ததோ அத்தனை அகதிகளும். அந்த இயக்கத்துக்குப் பயந்தே ஓடிவந்தவனும் அனுபவித்தான். தொட்டிலில் கிடந்த குழந்தையும் அனுபவித்தது. முகாம்களில் கெடுபிடி அதிகமாயிற்று. காலேஜுகளில் கொடுத்துவந்த இடங்கள் நிறுத்தப்பட்டு, 1996-க்குப் பிறகே திரும்பக் கிடைத்தன. 1992 முதல் 1995 வரை பல்லாயிரக்கணக்கானவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மனமொப்பித்தான் போகின்றார்களா என்று கேட்டறிவதற்காக ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஸ்தாபனம் 1992-ல் சென்னையில் வந்து உட்கார வேண்டியதாயிற்று. ஒருவன் செய்த குற்றத்துக்கு அவனைச் சேர்ந்த ஜாதியையே தண்டிப்பது என்பது கிராமத்து மிராசுதாரனின் நீதி. அதையே சர்க்காரும் செய்தது என்றால், அதற்குக் காரணம், கேட்பதற்கு அகதியின் கையில் சட்டம் இல்லாததேயாகும்.

இனி இந்த இலங்கை அகதிகள் யார் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். வெள்ளைக்காரர் காலத்தில் இராமநாதபுரம் ஜில்லா மண்டபத்தில் ஒரு முகாம் இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போகின்ற நம் ஏழை ஜனங்களை நிறுத்தி வைத்து, வியாதி உண்டா என்று பரிசோதித்துக் கப்பலேற்றுவதற்காக ஏற்பட்ட முகாம் அது. பஞ்சமும் பண்ணை அடிமைத்தனமும் துரத்த, பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட ஜாதியார்தான் அந்த வழியே போனார்கள். காட்டை அழித்துத் தேயிலைத் தோட்டமாக்கினார்கள். இலங்கை சுதந்திரம் அடைந்த அதே 1948-ல் அந்நாட்டுப் பிரஜா உரிமைச் சட்டம் அவர்களில் பல லட்சம் பேரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கிற்று. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆடு மாட்டைப் பிரிப்பதானாலும் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இந்த மனிதர்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு எங்கே இருக்க இஷ்டம் என்று அந்த இரண்டு சர்க்காரும் முதலில் கேட்கவில்லை.

1983-க்குப் பிறகு வந்த அகதிகளில் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை முதலிய இடங்களைச் சேர்ந்த இலங்கைத் தமிழரும் உண்டு. இந்த மலையகத் தோட்டக்காரரின் பேரன் பேத்திகளும் உண்டு. பாட்டன் கூலியாகப் போன அதே மண்டபத்தில் பேரன் அகதியாக வந்து இறங்கினான். பாட்டன் பிறந்த இடத்தைப் பார்த்துப் பாகிஸ்தானிலிருந்து வந்தவனைப் பிரஜையாக்கிய நாடு, மதுரை ஜில்லாவிலும் திருச்சி ஜில்லாவிலும் பாட்டன் பிறந்த இவனைப் பார்த்து "நீ அன்னியன்" என்று சொல்லிற்று.

அடுத்தபடியாக, முகாமில் பிறந்த குழந்தையின் சங்கதிக்கு வருவோம். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய அக்கிரமம் என்று நாம் கருதுகின்றோம். 1955-ம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டத்தின்படி இந்தியாவில் பிறந்த குழந்தை, மிகச் சில விலக்குகள் தவிர, இந்தியப் பிரஜை. அகதிகள் படகு படகாக வந்துகொண்டிருந்த காலத்தில், 1986-ல், காங்கிரஸ் சர்க்கார் அதைத் திருத்திற்று. 1987 ஜூலை 1 முதல் பிறக்கின்ற குழந்தைக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும் என்றார்கள். 2003-ல் பாரதிய ஜனதா சர்க்கார் மறுபடியும் திருத்தி, "சட்ட விரோதமாகக் குடியேறியவர்" என்ற பட்டத்தைப் புகுத்திற்று. தாய் தந்தையரில் ஒருவர் இந்தியராகவே இருந்தாலும், மற்றொருவர் இந்தப் பட்டத்துக்கு ஆளானவராக இருந்தால் குழந்தை பிரஜையல்ல என்றும், அப்படிப்பட்டவர்கள் பிரஜா உரிமைக்கு விண்ணப்பமே போட முடியாது என்றும் ஏற்பட்டது. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்த அகதி இந்தப் பட்டத்திற்குள் அடங்கிவிட்டார். வீட்டுக்குத் தீ வைத்தவனிடமே போய்ப் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு ஓடி வந்திருக்க வேண்டும் போலும்!

இதன் பலன் என்ன? புதுத் திருத்தம் அமுலுக்கு வந்த 2004 டிசம்பர் 3-ந் தேதிக்குப் பின், தமிழ்நாட்டுப் பெண்ணொருத்தி முகாம் வாலிபன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு பெற்ற பிள்ளை, திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலேயே பிறந்திருந்தாலும் இந்தியப் பிரஜையல்ல. இலங்கையை அது கண்ணால் கண்டதில்லை. தாயின் தேசம் அதற்கு இல்லை. தகப்பனுக்கோ தேசமே இல்லை. பிறந்த குழந்தை செய்த குற்றம் என்ன? இன்னாருக்குப் பிறந்தது என்பது ஒன்றுதான். இந்தத் தத்துவத்தை நாம் இதற்கு முன் எங்கேயும் கேட்டதில்லையா? தோட்டியின் மகன் தோட்டி, புரோகிதனின் மகன் புரோகிதன் என்பதற்கும், அகதியின் மகன் அகதி, அவனுக்குப் பிறப்பவனும் அகதி என்பதற்கும் என்ன வித்தியாசம்? மனுதர்மத்தைச் சட்டப் புஸ்தகத்தில் வேறு பெயரில் எழுதினால் அது நியாயமாகிவிடுமா என்று கேட்கின்றோம்.

இதிலுள்ள வேடிக்கை இன்னொன்று. நாம் எந்த இலங்கையைக் கொடுங்கோன்மை நாடு என்று மேடையில் தூற்றுகின்றோமோ, அதே இலங்கை அதே 2003-ம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்து, தன் நாட்டில் மிச்சமிருந்த நாடற்ற மலையகத் தமிழருக்குப் பிரஜா உரிமை கொடுத்துவிட்டது. அவர்களை விலக்கி வைத்தவன் 55 வருஷம் கழித்தாவது கதவைத் திறந்தான். பாட்டன் ஊர்க்காரன் அதே வருஷத்தில் கதவைத் தாழிட்டான்.

சட்டம் இடம் கொடுக்கின்ற சிலருக்காவது காரியம் நடக்கின்றதா என்றால் அதுவும் இல்லை. 1987 ஜூலைக்கு முன் முகாமில் பிறந்தவர்கள் அன்றைய சட்டப்படியே இந்தியப் பிரஜைகள். யாரும் தயவு காட்ட வேண்டியதில்லை. அப்படிப் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டதற்கு ஆபீஸில் மறுத்துவிட்டு, ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்ட பிறகே வழி பிறந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பது கோவிலுக்கு மாத்திரம் சொன்ன பழமொழியல்ல. அதே மதுரைக் கிளை 2019-ல், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த 65 பேருடைய விண்ணப்பங்களை ஏற்றுப் பரிசீலிக்க வேண்டுமென்றும் தீர்ப்புச் சொல்லிற்று. தீர்ப்புச் சொல்ல நீதிபதி இருக்கின்றார். நிறைவேற்றத்தான் ஆள் இல்லை.

இது இவ்விதமிருக்க, 2019 டிசம்பரில் சர்க்கார் பிரஜா உரிமைச் சட்டத்தை மறுபடியும் திருத்தி, இதோ அகதிகளுக்குக் கருணை காட்டுகின்றோம் என்றது. யாருக்கு? பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தானம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், ஜைனர், பார்சி, கிறிஸ்தவர்களுக்கு. முஸ்லீம் கூடாது, இலங்கை கூடாது, பர்மா கூடாது. காரணம் கேட்டால், அந்த மூன்று நாடுகளும் ஒரு மதத்தை ராஜாங்க மதமாக வைத்திருக்கின்றன என்கின்றார்கள். இலங்கை அரசியல் சட்டத்தின் 9-வது பிரிவு பௌத்த மதத்துக்கு முதலிடம் கொடுத்து, அதைப் பாதுகாப்பது ராஜாங்கத்தின் கடமை என்று சொல்லுகின்றதே, அது இவர்கள் கண்ணில் படவில்லையா? பாகிஸ்தானில் அகமதியா முஸ்லீம்களையும் ஆப்கானிஸ்தானத்தில் ஹசாராக்களையும் வெட்டுகின்றவன், இவனும் முஸ்லீம்தானே என்று கத்தியைக் கீழே போட்டுவிடுகின்றானா? இந்த மசோதா மேல்சபையில் நிறைவேறியபோது, அப்போது தமிழ்நாட்டை ஆண்ட கட்சியின் அங்கத்தினர்களும் கை தூக்கினார்கள் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

ஆனால் ஒன்றை இங்கே கண்டிப்பாய்ச் சொல்லிவிடுகின்றோம். "இலங்கைத் தமிழரிலும் பெரும்பாலோர் இந்துக்கள்தானே, அவர்களையும் அந்த ஜாபிதாவில் சேர்த்துவிட்டால் போதும்" என்று நம் நாட்டில் சிலர் கேட்கின்றார்கள். நல்ல எண்ணத்தோடும் சிலர் கேட்கலாம். நாம் அதற்குச் சம்மதிக்க முடியாது. மன்னாரிலிருந்து புறப்பட்ட படகில் சைவனும் இருந்தான், கத்தோலிக்கனும் இருந்தான், ஒன்றையும் நம்பாதவனும் இருந்தான். மேலே பறந்து குண்டு போட்ட ஆகாய விமானம் ஒவ்வொருவனுடைய நெற்றியையும் பார்த்தா போட்டது? சத்திரத்தின் உள்கூடத்தில் நமக்கும் ஓர் இலை போடுங்கள் என்று கெஞ்சுவது சுயமரியாதை ஆகாது. பிறப்பைப் பார்த்து இலை போடுகின்ற வழக்கத்தையே ஒழிக்க வேண்டும் என்பதுதான் சுயமரியாதை.

2025 செப்டம்பரில் ஒரு புது உத்தரவு வெளியாயிற்று. 2015 ஜனவரி 9-ந் தேதி வரையில் வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர், பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாத குற்றத்திற்காகத் தண்டிக்கப்படமாட்டார்கள் என்பது அதன் சாரம். ஜெயிலில் போடுவதில்லை என்ற அளவில் இது நல்லதுதான். ஆனால், உன்னை அடிக்கமாட்டேன் என்று சொல்வது, நீயும் இந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்வதாகிவிடாது. பிரஜா உரிமைக்கு வழி அந்த உத்தரவில் இல்லை.

முகாம்களுக்குச் சர்க்கார் பணம் கொடுக்கவில்லையா என்று கேட்கலாம். கொடுக்கின்றது. 2021-ல் தமிழ்நாட்டு சர்க்கார் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாய், குழந்தைகளுக்கு 500 ரூபாய் என்று உயர்த்திற்று. பத்துக்குப் பத்து அறையில் இரண்டு தலைமுறை படுத்துக் கிடந்தவர்களுக்காக 7,469 வீடுகள் கட்டுவதாக அறிவித்தது. அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றிற்று. இவற்றையெல்லாம் நாம் பாராட்டுகின்றோம். ஆனால் பணமும் வீடும் பசியைத் தீர்க்கும், இழிவைத் தீர்க்காது. முகாமில் தணிக்கை நாளன்று வரிசையில் நின்று தலையெண்ணிக்கை கொடுக்க வேண்டும். வெளியூரில் தங்குவதற்கு அனுமதி கேட்க வேண்டும். கியூ பிராஞ்சு போலீஸின் கண் எப்போதும் மேலே இருக்கும். என்ஜினீயர் படிப்புப் படித்த வாலிபன் சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப் போட முடியாமல் சாரத்தில் ஏறிப் பெயின்ட் அடிக்கின்றான். அது இழிவான தொழில் என்று நாம் சொல்லவில்லை. வேறு தொழிலுக்குப் போகக்கூடாதென்று தடுத்துவைப்பதுதான் இழிவு. திருச்சியில் மத்திய ஜெயில் சுவருக்குள்ளேயே ஒரு "சிறப்பு முகாம்" இருக்கின்றது. கோர்ட்டு ஜாமீனில் விட்டவனையும், தண்டனை முடிந்தவனையும் அங்கே அடைத்துவைத்திருக்கின்றார்கள். ஜெயிலுக்காவது விடுதலைத் தேதி உண்டு. அந்தச் சிறப்புக்கு அதுவும் கிடையாது.

இலங்கையில் யுத்தம் 2009-லேயே முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே என்பது மற்றொரு கேள்வி. மனமொப்பிப் போகின்றவர்களை யாரும் தடுக்க வேண்டாம். வழிச் செலவு கொடுத்து மரியாதையாக அனுப்பட்டும். ஆனால் 2025 மே மாதத்தில், ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஸ்தாபனத்தின் உதவியோடு திரும்பிப் போன ஒரு முதியவரை, முன்பு அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறினார் என்று சொல்லிப் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். உயிருக்குப் பயந்து ஓடினதே குற்றமாம்! அன்றியும், முகாமில் பிறந்து முப்பது வயதாகிவிட்டவனை "உன் ஊருக்குப் போ" என்றால், அவன் எந்த ஊருக்குப் போவான்? அவன் ஊர் இதுதான். மேலும், 2022-ல் இலங்கையில் அரிசிக்கும் எண்ணெய்க்கும் பஞ்சம் வந்தபோது, குழந்தைகளோடு படகேறி வந்தவர்களை நடுக்கடல் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகுக்காரர்கள் போய்விட்டதையும் பார்த்தோம். சுகத்தில் இருக்கின்றவன் பெற்ற பிள்ளையை மணல் திட்டில் கொண்டுபோய் நிறுத்தமாட்டான்.

அன்னியருக்கு இந்நாட்டில் எந்த உரிமையும் இல்லை என்பதும் சரியல்ல. அருணாசலப் பிரதேசத்தில் சக்மா ஜனங்களை விரட்டியடிக்க முயற்சி நடந்தபோது, பிரஜையானாலும் அல்லாவிட்டாலும் ஒவ்வொரு மனிதனுடைய உயிரையும் காப்பாற்றுவது ராஜாங்கத்தின் கடமை என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புக் கூறியிருக்கின்றது. அந்தத் தீர்ப்பு தமிழனுக்கு மாத்திரம் அல்ல. 1948-ல் இலங்கை மலையகத் தமிழனுக்குச் செய்ததையேதான் 1982-ல் பர்மா ஒரு சட்டத்தின் மூலம் ரோஹிங்கியா ஜனங்களுக்குச் செய்தது. அவர்கள் முஸ்லீம்கள் என்பதற்காக அவர்களுடைய கண்ணீர் உப்புக் கரிக்காமல் போய்விடுமா? தமிழ் அகதிக்கு மட்டும் நியாயம் கேட்டு, ரோஹிங்கியாவை விரட்டும்போது வாயை மூடிக்கொண்டிருந்தால், நாமும் பிறப்பைக் கேட்டு இலை போடுகின்றவர்களாகவே ஆவோம்.

கடைசியாக, நமது ஜனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈழத் தமிழருக்காக மேடை அதிரப் பேசாத கட்சி தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் முகாமில் இருப்பவனுக்கு ஓட்டு இல்லை. ஆகையால் தேர்தலில் அவன் பெயர் கோஷத்துக்கு உதவும், அவன் குறை கணக்குக்கு வராது. தொப்புள்கொடி உறவு என்று பேசுகின்ற வாயே, முகாம்காரனுக்கு வாடகைக்கு வீடு தர மறுக்கின்றது. ஊரில் திருட்டு நடந்தால் முதலில் முகாமைத்தான் காட்டுகின்றது. அதே வேலைக்கு அவனுக்குக் கூலி குறைத்துக் கொடுக்கின்றது. டில்லியைக் கேட்பதற்கு முன் நம் தெருவையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே நாம் வேண்டுவது இவைகள்தான். அகதி யார், அவன் உரிமை என்ன என்பதை மதம், நாடு, பிறப்பு பாராமல் வகுக்கின்ற ஒரு சட்டம் செய்யப்பட வேண்டும். இந்நாட்டு மண்ணில் பிறந்து வளர்ந்த குழந்தைகளும், பல வருஷங்களாக இங்கே வாழ்ந்து இங்கேயே இருக்க விரும்புகின்றவர்களும் பிரஜைகளாக்கப்பட வேண்டும். அகதியின் பேரிலிருந்து "சட்ட விரோதக் குடியேறி" என்ற பட்டம் நீக்கப்பட வேண்டும். சிறப்பு முகாம் என்ற பெயரிலுள்ள ஜெயில் மூடப்பட வேண்டும். இவற்றில் ஒன்றுகூடப் பிச்சையல்ல. சத்திரத்தில் இடம் கேட்பவன் ஒருவேளைச் சோற்றுக்கு வந்தவன். இவர்களோ நாற்பது வருஷமாக நம் வயலில் உழைத்து, நம் வீட்டுச் சுவருக்கு வர்ணம் பூசி, நம் கடையில் சாமான் வாங்கி, வாங்குகின்ற ஒவ்வொரு சாமானுக்கும் வரி கொடுத்து வருகின்றவர்கள். வரி வாங்கும்போது அன்னியன் என்று தள்ளாத சர்க்கார், உரிமை கேட்கும்போது மட்டும் அன்னியன் என்று தள்ளுவது என்ன நாணயம்?

தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. வாசகர்களில் பலருடைய ஊருக்கும் அவற்றில் ஒன்று பக்கத்திலேயே இருக்கும். தோழர்கள் ஒரு நாள் அங்கே போய், அவர்களோடு உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும். நம் கூட்டங்களுக்கும் வாசக சாலைகளுக்கும் கல்யாணங்களுக்கும் அவர்களை அழைக்க வேண்டும். 1987 ஜூலைக்கு முன் பிறந்து, தன் உரிமை தனக்கே தெரியாமல் இருப்பவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, கலெக்டர் ஆபீஸுக்குக் கூட நடக்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகின்ற ஒவ்வொரு அபேட்சகரையும், முகாமில் பிறந்த குழந்தை எந்த நாட்டுப் பிரஜை என்று கேட்டு, பதில் வாங்காமல் விடக்கூடாது. ஓட்டில்லாதவனுக்காக ஓட்டுள்ளவன் கேட்டாலன்றி இந்தக் கதவு திறக்காது என்பதே நமது அபிப்பிராயம்.